வலை இழுத்த விஞ்சில் கண்ணி வாரியவர்கள்

தெற்கு அட்லாண்டிக்கில், அண்டார்டிகாவுக்குப் போகும் வழியில், தெற்கு ஜார்ஜியா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே கிரிட்விக்கன் என்ற இடத்தில் கைவிடப்பட்ட திமிங்கில வேட்டை நிலையம் ஒன்று உண்டு. அதன் கரையில் துருவேறிக் கிடக்கும் மூன்று கப்பல்களில் ஒன்றின் பெயர் டியாஸ். பென்குயின் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்த வேலையையும் அது பார்த்தது உண்மைதான். ஆனால் அது பிறந்தது இங்கிலாந்தில், ஹல் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள பெவர்லி என்ற சின்ன ஊரில், 1906ஆம் ஆண்டில். அப்போது அதன் பெயர் வயோலா. நூறு அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள நீராவி டிராலர் அது. வட கடலில் மடி இழுத்து மீன் பிடிப்பதுதான் தொழில்.

1914இல் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. அடுத்த நான்கு வருடங்கள் அது மீன் பிடிக்கவில்லை. கண்ணிகளைத் தேடியது, நீர்மூழ்கிகளை விரட்டியது. 1918இல் யூபி-30, யூபி-115 என்ற இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கப்பட்டபோது அந்த வேட்டைகளில் அதற்கும் பங்கு இருந்தது.

மீன்பிடிக் கப்பலைப் போர்க்கப்பலாக்குவது என்றதும், கையில் வேறு எதுவும் இல்லாததால் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் தோன்றும். கண்ணி வாரும் வேலையைப் பொறுத்தவரை நடந்தது அதுவல்ல. கப்பலில் அவர்கள் மாற்றியது ரொம்பக் கொஞ்சம். கடற்படைக்கு வேண்டியிருந்தது மீனவரின் தொழில். கடலுக்கடியில் ஒரு கம்பிவடத்தை இறக்கி, அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்காமலே கையால் உணர்ந்து, மணிக்கணக்கில் நேர்கோட்டில் இழுத்துப் போகிற தொழில். போர்க்கப்பல் மாலுமிக்கு அது தெரியாது. இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியின் மீனவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வேறு எதுவும் தெரியாது என்றே சொல்லலாம்.

முதலில் கண்ணி என்பது என்ன என்று பார்த்துவிடலாம். தமிழில் இந்தச் சொல் இந்தக் கதைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. வலையின் ஒவ்வொரு ஓட்டையும் கண்ணி, பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி, கப்பலுக்கு வைக்கும் வெடியும் கண்ணி. முதல் உலகப்போரில் பெரும்பாலும் இருந்தவை தொட்டால் வெடிக்கும் ரகம். உள்ளே காற்றும் வெடிமருந்தும் உள்ள இரும்பு உருண்டை, கடலடியில் கிடக்கும் ஒரு பாரத்தோடு கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே மிதந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. உருண்டையின் மேல் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பின் வெளிப்பக்கம் ஈயம், உள்ளே அமிலம் நிரப்பிய கண்ணாடிக் குழாய். கப்பல் இடித்ததும் ஈயம் வளையும், கண்ணாடி உடையும், அமிலம் வழிந்து ஒரு சிறிய மின்கலத்துக்கு உயிர் கொடுக்கும். அந்த ஒரு துளி மின்சாரம் போதும், நூறு கிலோவுக்கு மேற்பட்ட வெடிமருந்து வெடிப்பதற்கு. விலை மலிவு, போட்டுவிட்டுப் போய்விட்டால் சம்பளம் கேட்காமல் காத்திருக்கும்.

அந்த மலிவுச் சாமான் என்ன செய்யும் என்பதை உலகம் 1904இல் பார்த்தது. ரஷ்ய-ஜப்பானியப் போரில், ஏப்ரல் 13 அன்று போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே ரஷ்யாவின் பெத்ரோபாவ்லோவ்ஸ்க் என்ற போர்க்கப்பல் கண்ணியில் சிக்கி மூழ்கியது. அட்மிரல் மக்காரோவ் அதில்தான் இருந்தார், அவரும் இறந்தார். ஒரு மாதம் கழித்து, மே 15 அன்று, ஜப்பானின் ஹட்சுசே, யாஷிமா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் ஒரே நாளில் ரஷ்யக் கண்ணிகளில் சிக்கின. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கப்பல்கள் இரும்பு உருண்டைகளுக்குப் பலியாவதை லண்டனில் கவலையோடு கவனித்தார்கள்.

கவனித்தவர்களில் ஒருவர் அட்மிரல் லார்ட் சார்லஸ் பெரஸ்போர்டு. 1907இல் அவர் கிரிம்ஸ்பிக்குப் போனார். அப்போது உலகின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று அது. நீராவி டிராலர்கள் வரிசையாக நின்ற துறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போர் வந்தால் கண்ணி வாருவதற்கு இந்தக் கப்பல்களையும் இந்த ஆட்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டிக்கு எழுதினார். மறுவருடம் அல்கோமா, ஆண்டீஸ் என்ற இரண்டு கிரிம்ஸ்பி டிராலர்களை வாடகைக்கு எடுத்து, போர்ட்லாண்டுக்கு அருகே சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் வேலை செய்தவர்கள் அதே மீனவர்கள்தான். கடற்படை அதிகாரிகள் சொல்லிக் கொடுக்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1910இல் கடற்படையின் துணைப்படையில் டிராலர் பிரிவு என்றே ஒன்று தனியாக உருவானது. அதில் பதவிப் பெயர்கள்கூட மீன்பிடிக் கப்பலில் இருந்த பெயர்கள்தான்: ஸ்கிப்பர், செகண்ட் ஹேண்ட், டெக்ஹேண்ட், எஞ்சின்மேன், நிலக்கரி சுமக்கிற டிரிம்மர். லெப்டினன்ட், கமாண்டர் என்று அடுக்கிய ஒரு கடற்படை இதற்கு இறங்கி வந்தது சாதாரண விஷயமில்லை.

இரட்டை மடி மாதிரிதான்

முதலில் அவர்கள் பயன்படுத்திய முறை நம் கடற்கரையில் யாருக்குச் சொன்னாலும் உடனே புரியும். இரண்டு விசைப்படகுகள் நடுவில் ஒரே மடியைக் கட்டி இழுத்துப் போவதை இரட்டை மடி என்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். வலைக்குப் பதிலாக வெறும் கம்பிவடம். இரண்டு டிராலர்கள் சுமார் 500 கெஜம் இடைவெளியில் பக்கவாட்டில் போகும். ஒன்றின் விஞ்சிலிருந்து, அதாவது வடம் சுற்றும் இயந்திரத்திலிருந்து, மற்றொன்றுக்கு ஒரு கம்பிவடம். அது மேலே மிதந்தால் பயனில்லை, வேண்டிய ஆழத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு கப்பலும் இரும்பு கட்டிய கனமான மரச்சட்டம் ஒன்றை இழுத்துச் செல்லும். அதற்குப் பட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். காற்று பட்டத்தை மேலே தூக்குகிறது, இங்கே தண்ணீர் அதைக் கீழே அழுத்துகிறது. கம்பிவடம் அந்தச் சட்டத்தின் வழியாகப் போகும், சட்டம் இருக்கிற ஆழமே கம்பியின் ஆழம்.

கம்பிவடம் கண்ணியைத் தொடாது. அதைக் கடலடியோடு கட்டி வைத்திருக்கும் கம்பியில் மாட்டும். அறுத்துவிட்டால் கண்ணி மேலே மிதந்து வரும். அறுக்காவிட்டால் பாரத்தோடு சேர்த்து ஆழம் குறைந்த பக்கம் இழுத்துப் போவார்கள். மிதந்து வந்த கண்ணியைத் தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுடுவார்கள். உருண்டையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும், கொம்பில் பட்டால் வெடித்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. வடத்தைத் திரும்பச் சுருட்டும்போது கண்ணி ஒன்று அதில் சிக்கியபடி கப்பலின் விலாவுக்கே வந்து சேர்ந்ததும் உண்டு. அந்த நேரத்தில் விஞ்சில் நிற்பவன் என்ன செய்கிறான் என்பதில்தான் எல்லாருடைய உயிரும் இருக்கும். பாறையில் மாட்டிய மடியைக் கிழியாமல் விடுவித்துப் பழகிய கை அது.

இன்னொரு சிக்கல், டிராலரின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கி நிற்கும். வட கடலின் புயலில் நிலையாக நிற்க அது தேவை. ஆனால் கண்ணி மேல் போகும்போது அந்த ஆழமே எமன். கண்ணி கடலடியோடு கட்டப்பட்டிருப்பதால் ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்காது. எனவே தண்ணீர் ஏறியிருக்கும்போது வேலை செய்தால் கண்ணிக்கும் கப்பலுக்கும் நடுவே சில அடி கூடுதலாகக் கிடைக்கும். வற்றத்தில் போனால் அந்தச் சில அடியும் போய்விடும். தண்ணீருக்குள் அதிகம் இறங்காத துடுப்புச்சக்கர உல்லாசப் படகுகளையும் கடற்படை பின்னர் எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். கோடையில் குடும்பங்களை ஏற்றிப்போய்க் கடற்கரை காட்டிய படகுகள் அவை.

வற்றத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்கார்பரோ சாட்சி. 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் கப்பல்கள் அந்த ஊர் மீது குண்டு வீசியது பலருக்குத் தெரியும். அன்றே கொல்பெர்க் என்ற ஜெர்மன் க்ரூசர் அந்தக் கரைக்கு அருகே ஏறத்தாழ நூறு கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனது. மூன்று நாள் கழித்து வார வந்த டிராலர்கள், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் தெரியாமல் கண்ணிகளின் நடுவிலேயே போய் நின்றன. ஐந்து நிமிடத்தில் பதினெட்டுக் கண்ணிகள் வெடித்தன அல்லது மேலே வந்தன. ஓரியாண்டா என்ற டிராலர் மூழ்கியது, வேறு சில சேதமடைந்தன. மற்றவர்கள் நங்கூரம் போட்டுத் தண்ணீர் ஏறும்வரை நின்றார்கள். அப்புறம் வேலையைத் தொடர்ந்தார்கள்.

கப்பலில் என்ன மாற்றினார்கள்? மீன் வைக்கிற கிடங்கு ஆட்கள் படுக்கும் இடமாகவோ வெடிமருந்து அறையாகவோ ஆனது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில், மேடை கட்டிச் சிறிய பீரங்கி ஒன்றை வைத்தார்கள். மேலே சாம்பல் நிறம் பூசினார்கள், மீன்பிடி எண்ணை அழித்து அட்மிரால்டி எண் எழுதினார்கள். விஞ்சு அப்படியே இருந்தது. கப்பலின் பக்கவாட்டில் மடியின் பலகைகளைத் தொங்கவிடும் இரும்பு வளைவுகளும் அப்படியே இருந்தன. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் கிடங்கில் மீன் வாடை போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

அந்தப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒற்றைப் படகில் மடி இழுக்கும்போது வலையின் வாய் விரிந்து நிற்க இரண்டு பக்கமும் பலகைகள் கட்டுவார்கள். தண்ணீரின் அழுத்தம் அவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளும், வாய் திறந்துகொள்ளும். 1890களில் ஸ்காட்லாந்தில் பழக்கத்துக்கு வந்த உத்தி இது, இன்று ராமேசுவரத்திலும் நாகையிலும் அதே உத்திதான். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் கடற்படை இதையே கண்ணி வாருவதற்கு எடுத்துக்கொண்டது. கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு கம்பிவடம், அதன் நுனியில் பலகை, பலகைக்கு மேலே அதைத் தாங்கும் மிதவை. பலகை கம்பியைப் பக்கவாட்டில் வெகுதூரம் இழுத்துப் பிடிக்கும். இரண்டு கப்பல் தேவையில்லை, ஒரே கப்பல் போதும். பரிசோதித்துப் பார்த்த டிராலரின் பெயர் ஒரோபெசா. இன்றுவரை உலகக் கடற்படைகளில் அந்த முறைக்கு ஒரோபெசா என்றுதான் பெயர். வாரி முடித்த பாதையைக் காட்ட நட்டுவைக்கும் கொடி மிதவைக்கு டான் என்று பெயர், அதுவும் மீனவர் வலை போட்ட இடத்தைக் குறிக்கப் பயன்படுத்தியதே.

டார்டனெல்ஸ்: பழி யார் மேல்?

1915 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்து கான்ஸ்டான்டினோபிளைப் பிடிக்கப் பார்த்தன. வழியில் வரிசை வரிசையாகத் துருக்கியக் கண்ணிகள். வாருவதற்கு வட கடலிலிருந்து டிராலர்களைக் கொண்டு வந்தார்கள், மீனவர்களோடு. கண்ணிகளைப் பாதுகாக்கக் கரையில் பீரங்கிகள், இரவில் தேடுவிளக்குகள். கருங்கடலிலிருந்து வரும் நீரோட்டம் எதிரே அடித்துக்கொண்டிருக்கும். வடம் இழுத்தபடி அந்த ஓட்டத்தில் டிராலர்கள் நடந்து போகிற வேகத்தில்தான் நகர முடிந்தது. தேடுவிளக்கின் வெளிச்சத்தில், பீரங்கிகளுக்கு முன்னால், நடந்து போகிற வேகத்தில்!

டிராலர்கள் திரும்பி வந்துவிட்டன. கமடோர் ரோஜர் கீஸ் கொதித்துப் போனார். கண்ணியில் சிக்கி வெடித்துப் போவதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, ஆனால் குண்டடிக்கு நடுவே வாருவதற்கு நாங்கள் சேரவில்லை என்று மீனவர்கள் சொன்னதாக அவரே பின்னால் எழுதினார். இதைப் பலர் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாங்கள் என்ன வேலைக்கு வந்தோம், அதில் சாவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதில் அவர்களுக்குக் கணக்கு இருந்தது. பீரங்கிகளை அடக்காமல் டிராலர்களை அனுப்பியதும், நீரோட்டத்தை எதிர்த்துப் போகத் திராணியில்லாத கப்பல்களைத் தேர்ந்தெடுத்ததும் அட்மிரால்டியின் முடிவு. அப்புறம் கடற்படை மாலுமிகளையே தன்னார்வலர்களாகச் சேர்த்து அதே டிராலர்களை மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். பலர் செத்தார்கள், கண்ணிகள் அங்கேயே இருந்தன.

மார்ச் 18 அன்று பெருங்கப்பல்கள் முழுமையாக வாரி முடிக்காத வழியில் நுழைந்தன. பத்து நாளுக்கு முன்பு, மார்ச் 8 அதிகாலையில், நுஸ்ரத் என்ற சின்னத் துருக்கியக் கப்பல் எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிகளைக் கரைக்கு இணையாகப் போட்டிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை. பிரெஞ்சுக் கப்பல் பூவே ஒன்றிரண்டு நிமிடத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பிரிட்டனின் இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் இரண்டும் போயின. அதற்குப் பிறகு வேகமான டிஸ்ட்ராயர்களில் வாருகருவிகளைப் பொருத்தினார்கள். முதலிலேயே செய்திருக்கலாம்.

அதே போரில் வட கடலில் டிராலர்கள் அன்றாடம் செய்துகொண்டிருந்த வேலை இதைப்போலப் பரபரப்பானது அல்ல. விடிந்ததும் கிளம்பி, நேற்று வாரிய அதே பாதையை இன்று மறுபடி வாருவது. நேற்று இரவு நீர்மூழ்கி வந்து புதிதாகப் போட்டிருக்கலாம் இல்லையா? வாரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு 1916 ஜூன் 5 உதாரணம். ஆர்க்னி தீவுகளுக்கு மேற்கே, யூ-75 என்ற நீர்மூழ்கி போட்டிருந்த கண்ணியில் ஹாம்ப்ஷயர் க்ரூசர் சிக்கியது. போர்த்துறை அமைச்சர் கிச்சனர் அதில்தான் ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மீன்பிடிக் கப்பல்களை எடுத்துக்கொண்டே போனால் ஊருக்கு மீன் யார் பிடிப்பது என்ற கேள்வியும் வந்தது. இருந்த கப்பல்கள் மூழ்கிக்கொண்டும் இருந்தன. எனவே 1916-17இல் அட்மிரால்டி தானே டிராலர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. புதிதாக வரையவில்லை, மூன்று கட்டுமிடங்களின் வழக்கமான மீன்பிடி டிராலர் வரைபடங்களை எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் கட்டச் சொன்னார்கள். காஸில், மெர்சி, ஸ்ட்ராத் என்று மூன்று வகை. போர் முடிந்ததும் மீன்பிடிக்கு விற்றுவிடலாம் என்பது கணக்கு, அப்படியே விற்கவும் செய்தார்கள். அத்தனை கப்பலுக்குப் பெயர் வேண்டுமே? டிராஃபால்கர் போரில் நெல்சனின் விக்டரியிலும் ராயல் சாவரின் கப்பலிலும் இருந்த சாதாரண மாலுமிகளின் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயராக வைத்தார்கள்.

கொழும்புக்கும் வந்த கண்ணி

எம்டன் கப்பல் 1914 செப்டம்பரில் சென்னை மேல் குண்டு போட்டது நம் பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்டது. அவன் சரியான எம்டன் என்கிறோம். ஆனால் வோல்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாதாரண சரக்குக் கப்பல் போல வேடம் போட்டு வந்து, 1917இன் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கக் கரையிலும், பிறகு கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியேயும் கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனது. பிப்ரவரி 17 அன்று உஸ்டர்ஷயர் என்ற பயணிகள் கப்பலும், நான்கு நாள் கழித்து பெர்சியஸ் என்ற சரக்குக் கப்பலும் கொழும்புக்கு அருகே அவற்றில் சிக்கி மூழ்கின. எம்டன் போட்ட சத்தத்தைவிட வோல்ஃபின் மௌனம் அதிகம் கப்பல் குடித்தது என்று சொன்னால் கணக்குப்படி சரிவராது, எம்டன் பிடித்தவை ஏராளம். ஆனால் எம்டன் போனதும் ஆபத்தும் போனது. வோல்ஃப் போன பிறகும் அதன் கண்ணிகள் இருந்தன.

கண்ணிக்குச் சமாதான ஒப்பந்தம் படிக்கத் தெரியாது. 1918இல் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே நீர்மூழ்கிகளை அடைக்க அமெரிக்காவும் பிரிட்டனும் எழுபதாயிரம் கண்ணிகளைப் போட்டிருந்தன. 1919 முழுக்க அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் பிரிட்டனிடமிருந்து இருபது டிராலர்களை வாடகைக்கு எடுத்துத் தங்கள் கொடியை ஏற்றிக்கொண்டு வாரினார்கள். போர் முடிந்து எட்டு மாதம் ஆன பிறகு, ஜூலை 12 அன்று, அவற்றில் ஒன்றான ரிச்சர்ட் பல்க்லி கண்ணியில் சிக்கி மூழ்கியது. அதன் கேப்டன் ஃபிராங்க் கிங்கும் உடனிருந்த ஆறு பேரும் இறந்தார்கள்.

கம்பிக்குச் சிக்காத கண்ணி

1939இல் எல்லாம் மறுபடி தொடங்கியது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லோவஸ்டாஃப்ட் ஊரில், ஸ்பாரோஸ் நெஸ்ட், அதாவது சிட்டுக்குருவிக் கூடு, என்றொரு நகராட்சிப் பூங்கா இருந்தது. உள்ளே ஒரு கலையரங்கம். ஆகஸ்ட் கடைசியில், கோடைக் கச்சேரிகள் நடந்துகொண்டிருக்கும்போதே, கடற்படை அதை எடுத்துக்கொண்டது. கிரிம்ஸ்பி, ஹல், அபர்டீன் என்று எல்லா ஊர் மீனவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். டிராலர்களும், வலையை மிதக்கவிட்டு மீன் பிடிக்கும் டிரிஃப்டர்களும் சேர்ந்த இந்தப் படைக்கு ராயல் நேவல் பேட்ரோல் சர்வீஸ் என்று அதிகாரப்பூர்வப் பெயர். மற்ற மாலுமிகள் வைத்த பெயர் ஹாரி டேட்டின் கடற்படை. ஹாரி டேட் அந்தக் காலத்து மேடை நகைச்சுவை நடிகர், கிளம்பவே மாட்டேன் என்கிற ஓட்டைக் காரோடு மல்லுக்கட்டும் காட்சிக்குப் பேர்போனவர். கேலியாக வைத்த பெயரை இவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்தத் தடவை கண்ணி மாறியிருந்தது. 1939 இலையுதிர் காலத்தில் வாரி முடித்த பாதைகளிலேயே கப்பல்கள் வெடித்துச் சிதறத் தொடங்கின. கம்பிவடத்தில் எதுவும் மாட்டவில்லை. நவம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் விமானம் தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷூபரினெஸ் அருகே சேற்றில் எதையோ போட்டுவிட்டுப் போனது. மறுநாள் தண்ணீர் வற்றியபோது ஜான் ஓவ்ரி என்ற அதிகாரியும் அவரோடு சிலரும் காந்தம் ஒட்டாத கருவிகளைக் கொண்டு அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது ஒரு காந்த ஊசி. எஃகுக் கப்பல் மேலே போகும்போது பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை அது உணர்ந்து சுற்றை இணைக்கும். கண்ணி கடலடியிலேயே கிடக்கிறது, கட்டிய கம்பி கிடையாது. எதை அறுப்பது?

முப்பது வருடமாகச் சேர்த்த மீனவர் உத்திக்கு இங்கே வேலையில்லாமல் போய்விட்டது. அதைவிட மோசம், எஃகாலான டிராலரே இப்போது அந்தக் கண்ணியைத் தூண்டிவிடும் பொருள். முதலில் கப்பலைச் சுற்றி மின்கம்பி கட்டி, மின்சாரம் செலுத்தி, அதன் காந்தத்தன்மையைக் குறைத்தார்கள். பிறகு இரண்டு கப்பல்கள் பக்கவாட்டில் போக, ஒவ்வொன்றும் ஒரு நீளமான, ஒரு குட்டையான மிதக்கும் மின்கம்பியை வால்போல இழுத்துப் போகும் முறை வந்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை அதில் பெரும் மின்சாரம் பாயும், உப்புத் தண்ணீர் சுற்றை முழுமையாக்கும், கப்பல்களுக்குப் பின்னால் பரந்த கடற்பரப்பு முழுவதும் காந்தப்புலம் எழும். கண்ணிகள் பின்னால் பாதுகாப்பான தூரத்தில் வெடிக்கும். மரத்தால் கட்டிய, ஹெரிங் மீன் பிடிக்கும் டிரிஃப்டர்களுக்குத் திடீர் மவுசு வந்தது. எஃகு டிராலருக்கு முன்னால் பழைய காலத்துச் சாமானாகத் தெரிந்தவை அவை. சிறிய மரக் கண்ணிவாரிகளைப் புதிதாகவும் கட்டினார்கள், மாலுமிகள் அவற்றை மிக்கி மவுஸ் என்றார்கள்.

1940இல் சத்தத்துக்கு வெடிக்கும் கண்ணி வந்தது, கப்பலின் எஞ்சின் அதிர்வைக் கேட்டு வெடிப்பது. அதற்கு மருந்து, சாலை உடைக்கிறவர்கள் வைத்திருக்கிற மாதிரியான மின்சுத்தியல்! அதை ஓர் இரும்புப் பெட்டியில் அடைத்து அணியத்திலிருந்து தண்ணீருக்குள் இறக்கி, தடதடவென்று அடிக்கவிட்டார்கள். கப்பல் வருகிறது என்று ஏமாந்து கண்ணி முன்னாலேயே வெடித்துவிடும். அதற்கும் ஜெர்மானியர்கள் பதில் வைத்தார்கள்: முதல் சில தடவை சும்மா இருந்துவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை ஆனபிறகு வெடிக்கும் கண்ணி. இனி ஒரு பாதையை ஒரு தடவை வாரினால் போதாது, மீண்டும் மீண்டும் போக வேண்டும்.

ஏன் இத்தனை பாடு? லண்டனுக்கு நிலக்கரி கிழக்குக் கரை வழியாகக் கப்பலில்தான் வந்தது. டைன் நதிக்கரையிலிருந்து நிலக்கரிக் கப்பல்கள் வராவிட்டால் மின்நிலையங்கள் நின்றுவிடும், வீட்டு அடுப்பும் எரியாது. கரையோரம் வாரி வைத்த ஒரு ஒடுக்கமான பாதை, இரண்டு பக்கமும் கொடி மிதவைகள், அதற்குள் வரிசையாகக் கப்பல்கள். அந்தப் பாதையைத் திறந்து வைத்திருந்தது முன்னாள் மீன்பிடிக் கப்பல்களே.

ஆறு மாதம் இந்த வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு சின்ன வெள்ளிச் சின்னம் கொடுத்தார்கள், ஒரு ஷில்லிங் காசு அளவு. வலைக்கு முன்னால் குத்தப்பட்ட சுறா, வலையில் இரண்டு கண்ணிகள். அப்போது கடற்படையில் வேறெந்தப் பிரிவுக்கும் இப்படித் தனிச் சின்னம் இருக்கவில்லை. இந்தப் படை இழந்த டிராலர்கள் 250க்கும் மேல். கடலிலேயே போய், கல்லறை என்று ஒன்று இல்லாத 2,385 பேரின் பெயர்கள் லோவஸ்டாஃப்டில், அந்தப் பூங்காவுக்கு மேலேயுள்ள மேட்டில் நிற்கும் தூணில் இருக்கின்றன. 1953இல் திறந்தார்கள்.

எதிரியும் அதே தொழிலைத்தான் நம்பியிருந்தான். ஜெர்மனி தன் மீன்பிடிக் கப்பல்களைக் கண்ணி வாரவும் கரைக் காவலுக்கும் எடுத்தது. போர் மீன்பிடிக் கட்டர் என்று பெயரிட்டு நூற்றுக்கணக்கான மரப் படகுகளையும் கட்டியது, போர் முடிந்ததும் மீன் பிடிக்கலாம் என்ற அதே கணக்கோடு. 1945இல் ஜெர்மனி சரணடைந்த பிறகு, நேச நாடுகள் ஜெர்மன் மாலுமிகளையே பிரிட்டிஷ் மேற்பார்வையில் வைத்து, 1948 தொடக்கம் வரை வட ஐரோப்பியக் கடலை வாரச் செய்தன. சீருடையும் கட்டுப்பாடும் ஜெர்மன் கடற்படையுடையவை, கொடி மட்டும் ஜெர்மன் கொடி இல்லை.

வயோலா இரண்டாம் போரில் இல்லை. முதல் போர் முடிந்ததுமே நார்வேக்காரர்களிடம் விற்றுவிட்டார்கள். பெயர் மாறி, பிறகு டியாஸ் ஆகி, ஆப்பிரிக்கக் கரையில் திமிங்கிலம் பிடித்து, 1927இல் ஓர் அர்ஜென்டினா நிறுவனத்திடம் போய் தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்தது. கடல்சீல் வேட்டையாடியது, ஆய்வுப் பயணங்களுக்குச் சாமான் சுமந்தது. 1974இல் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே மூழ்கியது, முப்பது வருடம் கழித்துத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். பெவர்லியில் பொருத்திய நீராவி எஞ்சின் இன்னும் உள்ளே இருக்கிறது. அதன் மணி மட்டும் நார்வேயில் ஒரு பண்ணையில் கிடைத்து ஹல்லுக்குத் திரும்பிவிட்டது. கப்பலையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஹல்லில் ஓர் அறக்கட்டளை நிதி திரட்டிக்கொண்டிருக்கிறது.